பாங்குக்கு முன்னால் ஒரு டம்ளர்

வடைச் சட்டியில் எண்ணெய் காய்ந்துவிட்டது. அரைத்த பருப்பை உள்ளங்கையில் தட்டி, முதல் வடையைப் போடக் கையைக் கொண்டுபோன நேரத்தில் போன் அடித்தது. ஷார்ஜாவிலிருந்து என் மகள் நஸ்ரீன்.

நோன்பு நாளில் சாயங்காலம் அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கு யாரும் போன் போடக் கூடாது. நோன்பு திறக்கப் பாங்கு சொல்வதற்குள் வடை, சர்பத், சட்னி எல்லாம் தட்டுக்கு வந்தாக வேண்டும். அது என் மகளுக்கும் தெரியும். தெரிந்தும் கூப்பிடுகிறாளே என்று எரிச்சலோடுதான் எடுத்தேன்.

"அம்மா, அத்தா எங்க?"

"எங்க போவாரு? பள்ளிவாசல்ல கஞ்சி ஊத்திக்கிட்டு இருப்பாரு. ஏன்டி இந்த நேரத்துல?"

"போனை எடுக்க மாட்டேங்குறாங்கம்மா. அத்தாவுக்கு சுகர் எறங்கிக்கிட்டே வருது. எழுபதுக்குக் கீழ போயிடுச்சு. இப்ப அறுபத்தொண்ணு காட்டுது. அம்புக்குறி நேரா கீழ பாத்து நிக்குது. ஓடும்மா!"

அடுப்பை அணைத்தேன். ஃபிரிட்ஜ் மேல் இருந்த குளுக்கோஸ் பொட்டலத்தையும் விரல் குத்திப் பார்க்கிற கருவியையும் அள்ளிக்கொண்டேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினேன். ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் அவர் செருப்பும் இருந்ததைத் தெருமுனையில்தான் கவனித்தேன். மாவு காயாத கையோடு ஓடுகிற என்னைப் பார்த்து, தொப்பி போட்ட ஆண்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஷார்ஜாவில் உட்கார்ந்திருக்கிற மகள், குடவாசலில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கும் தகப்பனின் உடம்பில் சர்க்கரை இறங்குவதை எப்படிப் பார்க்கிறாள் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை முழுக்க. ஓடுகிறவளைத் தெருவில் நிறுத்திவிட்டு என்னம்மா கதை என்று திட்டாதீர்கள். போன வாரம் எங்கள் தபால் ஆபீஸ் பூனையைப் பற்றி எழுதப்போய், என் கல்யாணத்தில் கொண்டுபோய் முடித்தவள்தானே நான். சுற்றி வளைத்தாலும் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுவேன்.

நீலத் தண்ணீர்

எங்கள் அத்தாவுக்குச் சர்க்கரை வந்தபோது நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அத்தா குடவாசலுக்குக் கிழக்கே குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைத்தவர். கறுத்த, ஒல்லியான மனிதர். 'பணக்காரன் வியாதி எனக்கு எப்புடி வந்துச்சு' என்று அவருக்கே ஆச்சரியம்.

அந்தக் காலத்தில் வீட்டில் பார்க்கிற பரிசோதனை எது தெரியுமா? ஒரு கண்ணாடிக் குழாய். அதில் நீலமாக ஒரு தண்ணீர். அதில் சில சொட்டு மூத்திரத்தை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சந்தோஷம். பச்சையாக மாறினால் சுமார். மஞ்சள் வந்தால் அம்மாவின் முகம் மாறும். செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் அன்றைக்கு அத்தா தட்டில் சோறு பாதிதான். விளக்கைப் பிடிக்கிற வேலை எனக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "பெரிய மகாராணி" என்று அத்தா தலையில் குட்டுவார்.

ஊசியும் கண்ணாடி ஊசிதான். தினமும் கொதிக்க வைக்க அம்மா ஒரு பித்தளைக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்திருந்தார். ஃபிரிட்ஜ் ஏது? மருந்துச் சீசாவை மண்கலயத்தில் போட்டு, ஈர மணலில் புதைத்து வைப்போம். ஊசி முனை மழுங்கினால் கம்பவுண்டர் கல்லில் தீட்டித் தருவார். அதை உடம்பில் குத்திக்கொள்வதை நினைத்தால் எனக்கு இப்போதும் பல் கூசுகிறது.

அந்த மருந்தை அப்போது மிருகங்களின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். மாடும் உண்டு, பன்றியும் உண்டு. இது அத்தாவின் காதில் எப்படியோ விழுந்துவிட்டது. நாலைந்து நாள் ஊசியே போட்டுக்கொள்ளாமல் மனிதர் மருகினார். கடைசியில் கம்பவுண்டரிடம் போய்க் கேட்டார். "மாட்டுதுதான் பாய், தைரியமாப் போட்டுக்குங்க" என்றார் கம்பவுண்டர். உண்மையில் எது என்று அவருக்குத் தெரியுமோ என்னமோ. அந்த ஒரு வார்த்தையால் அத்தா மறுபடி ஊசியைக் கையில் எடுத்தார். இன்றைக்கு எந்த மிருகமும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை வளர்த்து அவற்றிடமிருந்தே வாங்கிக்கொள்கிறார்கள். இதை அத்தாவிடம் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஒரு நோன்பு நாள். மத்தியானம் குழாயைக் காட்டினார். நல்ல நீலம். "பாத்தியா புள்ள, இன்னிக்கு ஒடம்பு சுத்தமா இருக்கு" என்று சிரித்தார். அசர் தொழுதார். அசதியாக இருக்கிறது என்று பாயில் சாய்ந்தார். பாங்கு சொன்னதும் எழுப்பப் போனேன். எழுந்திருக்கவில்லை.

அந்த நீலத் தண்ணீருக்குச் சர்க்கரை ஏறினால் காட்டத் தெரியும். இறங்கினால் காட்டத் தெரியாது. சரியாக இருந்தாலும் நீலம், ஆளைக் கொல்கிற அளவுக்கு இறங்கினாலும் அதே நீலம். விடியலில் வழக்கம்போல முழு ஊசியைப் போட்டுக்கொண்டு, பகல் முழுக்கப் பட்டினி கிடந்தார் அத்தா. எங்கள் யாருக்கும் அது தப்பு என்று தெரியவில்லை. சொல்லவும் ஆளில்லை.

வந்தவர்கள் எல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "நோன்போட போயிட்டாரு. கொடுத்து வச்சவரு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா தலைவிரிகோலமாக உட்கார்ந்திருக்கிறார், நான் விக்கி விக்கி அழுகிறேன், கொடுத்து வைத்தவராம்! அந்தக் கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏன் போக வேண்டும்?

சோறு விளைகிற ஊரில்

இப்போது எங்கள் வீட்டுக்காரர் ஜக்கரியாவுக்கு வருகிறேன். குடவாசலில் உரக்கடை வைத்திருக்கிறார். யூரியா, பொட்டாஷ், பூச்சி மருந்து. சுற்றுவட்ட விவசாயிகள் எல்லாம் வந்து, கடை பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள். டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை. அப்புறம் வியாதி வராமல் என்ன செய்யும்?

ஊர் முழுக்க வைத்தியர்கள். ஒருவர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். ஒருவர் வெண்டைக்காயை ஊறப்போட்ட தண்ணீர். ஒருவர் சிறுகுறிஞ்சான் பொடி. ஒரு விவசாயி கறுப்புக் கவுனி அரிசி மூட்டையையே கொண்டுவந்து இறக்கிவிட்டு, "பாய், இதை எவ்வளவு தின்னாலும் சுகர் ஏறாது" என்றார். அதை நம்பி இவர் தட்டில் மலை கட்டிச் சாப்பிட்டார். ஏறாமல் என்ன செய்யும்? அரிசி எந்த நிறமாக இருந்தால் என்ன, அரிசி அரிசிதானே. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னபோது மனிதர் கேட்ட கேள்வி இருக்கிறதே: "நெல்லு விக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு சோத்தைக் கொறைச்சா, சனங்க என்ன நெனைப்பாங்க?"

மாத்திரை போய் ஊசி வந்தது. ஊசி என்றால் இப்போது பேனா மாதிரி ஒன்று. முனையில் இருக்கிற ஊசி மயிரை விட மெல்லியது. திருகினால் அளவு வரும், அழுத்தினால் முடிந்தது. "இதுக்கா பயந்தோம்" என்று இவரே கேட்டார்.

ஆனால் இந்த மனிதருக்கு ஒரு வீம்பு. சின்ன வயதிலிருந்து ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற கொட்டகைக்கும் இவர்தான் பொறுப்பு. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கறி, தேங்காய்ப்பால் எல்லாம் போட்டுப் பெரிய தேக்சாவில் காய்ச்சி, சாயங்காலம் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் ஊற்றுவார்கள். எங்கள் ஆட்கள் மட்டுமில்லை, பக்கத்துத் தெரு செல்வி முதல் பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா வரை தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். அந்தக் கரண்டியைப் பிடிப்பதில் இவருக்கு ஒரு பெருமை. சர்க்கரை நோயாளி என்று ஊருக்குத் தெரிந்தால் கரண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு பயம். நோன்பு வைக்காத ஆள் நோன்புக் கஞ்சி ஊற்றலாமா என்று யாராவது கேட்டுவிட்டால் செத்துப்போவேன் என்பார்.

நான் எதற்குச் செத்துப்போவேன் என்று இவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

டாக்டரம்மா போட்ட நிபந்தனை

நான் தெருவில் ஓடிய அந்த வருஷம், நோன்புக்கு முன்பே இவரைத் தரதரவென்று திருவாரூருக்கு இழுத்துப்போனேன். அங்கே சர்க்கரைக்கென்றே இருக்கிற ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனால் பார்வையிலேயே ஆளை உட்கார வைத்துவிடுவார்.

"நோன்பு வைக்காதீங்கன்னு சொல்லிடுங்க டாக்டர்" என்றேன் நான்.

"சொன்னா கேப்பாரா?"

"கேக்க மாட்டாரு."

"அப்ப சொல்லிப் பிரயோஜனம் இல்ல. எனக்குத் தெரியாம வைக்கிறதுக்கு, தெரிஞ்சே வைக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. பிறகு இவர் பக்கம் திரும்பினார். "பகல்ல விரல் குத்திப் பாப்பீங்களா?"

இவர் நெளிந்தார். "ரத்தம் வந்தா நோன்பு முறிஞ்சிடும்ல டாக்டர்?"

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டு, நோன்பு மாதத்தில் கருவியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். உடம்புக்கு எது ஆபத்தான மாதமோ, அந்த மாதத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். இதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நானே ஆள் அனுப்பிக் கேட்டிருந்தேன். தாராளமாகக் குத்திப் பார்க்கலாம், அதனால் நோன்பு முறியாது என்று பதில் வந்தது. அதைச் சொன்னேன். அப்படியும் இவர் முகம் தெளியவில்லை.

"சரி, குத்தவே வேணாம். இதை ஒட்டிக்குங்க" என்றார் டாக்டரம்மா.

பத்து ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு வில்லை. மேற்கையின் பின்பக்கத்தில் வைத்து ஒரு தட்டு. ஒட்டிக்கொண்டது. அடியில் நூல் மாதிரி ஒன்று தோலுக்குள் இருக்குமாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குளிக்கலாம், தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்யலாம். சில நிமிஷத்துக்கு ஒருமுறை அது சர்க்கரையைப் பார்த்து போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எவ்வளவு என்பது மட்டுமில்லை, எந்தப் பக்கம் போகிறது என்றும் அம்புக்குறி காட்டும். வேறு ஊரில் இருக்கிறவர்களும் தங்கள் போனில் பார்க்கலாம். என்னுடையது பட்டன் போன், அதனால் அந்தப் பொறுப்பு நஸ்ரீனுக்குப் போனது. "நான் பாத்துக்கறேன் அத்தா" என்றாள். ஏமாற்ற முடியாத ஆளிடம் மாட்டிக்கொண்டோம் என்று இவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பழைய இன்சுலினை நிறுத்திவிட்டு, நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற புது மருந்தைக் கொடுத்தார் டாக்டரம்மா. சட்டென்று இறக்கிவிடாதாம். அதையும் நோன்பு திறந்த பிறகு, குறைந்த அளவில் போடச் சொன்னார். விடியலில் போட்டுவந்த ஊசியே வேண்டாம் என்றுவிட்டார். அதைக் கேட்டதும் எனக்கு அத்தா ஞாபகம் வந்து, அங்கேயே கண் கலங்கியது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இருந்திருந்தால்!

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றார் டாக்டரம்மா. "எழுபதுக்குக் கீழ வந்தா அந்த நிமிஷமே நோன்பை விட்டுடணும். பாங்குக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கு, பொறுத்துக்கறேன்னு சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

இவர் தலையாட்டினார். எனக்குத்தான் நம்பிக்கை இல்லை.

நோன்பு தொடங்கியது. முழுக்கைச் சட்டைக்குள் வில்லையை மறைத்துக்கொண்டு திரிந்தார். ஒருநாள் கடையில் கையை மடித்துவிட்டபோது ஒரு விவசாயி பார்த்துவிட்டு, "கையில என்ன பாய் ஒட்டிக்கிட்டு இருக்கு?" என்றாராம். "கொசு வராம இருக்க" என்று புளுகிவிட்டு வந்தார். மறுவாரம் அதே ஆள் வந்து, அந்தக் கொசு வில்லை எங்கே கிடைக்கும் என்று கேட்டதாகக் கேள்வி.

நாட்கள் நல்லபடியாகப் போயின. கீழே போவதற்கு முன்பே போன் கூவிவிடும், இவர் கொஞ்சம் உட்கார்ந்து ஓய்வெடுப்பார், சரியாகிவிடும். எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

கொட்டகையில்

அன்றைக்குக் கஞ்சி காய்ச்சுகிறவருக்குக் காய்ச்சல். இவரே துடுப்பைப் பிடித்துக் கிண்டியிருக்கிறார். மாசி கழிந்த வெயில். வயலில் உளுந்து காய்கிற சூடு போதாதென்று, முன்னால் விறகடுப்பு வேறு. உடம்பு அப்படி உழைத்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். போன் கூவியிருக்குமே என்பீர்கள். அசர் தொழுகைக்குப் போகும்போது போனை ஊமையாக்கினவர், தொழுதுவிட்டு வந்து அதை மறுபடி பேச வைக்க மறந்துவிட்டார். அரிசி மூட்டை மேல் அது பாட்டுக்கு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அல்லாஹ்வின் வீட்டுக்குள் மரியாதையாக இருந்த மனிதரை நான் என்ன சொல்லித் திட்டுவது?

நான் மூச்சிரைக்கப் போய் நின்றபோது கொட்டகை வாசலில் நீள வரிசை. பெண்கள் வாங்குகிற வரிசை வெளியே இருக்கும். அதைத் தாண்டி உள்ளே நான் ஒரு நாளும் போனதில்லை. போனேன்.

"என்ன லாத்தா, மச்சானைப் பிரிஞ்சு இருக்க முடியலியா?" என்று சிரித்தான் காதர். என் சின்னம்மா மகன், கறிக்கடை வைத்திருக்கிறான். அக்காவை எங்கள் பக்கம் லாத்தா என்போம். கஞ்சி ஊற்ற அவனும் தினம் கூட நிற்பான். எனக்குத் தும்மல்கூட வந்ததில்லை என்று மார்தட்டுகிற ஆள்.

இவரைப் பார்த்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எல்லோரும் அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கரண்டி நடுங்கியது. செல்வியின் தூக்குவாளியில் பாதியும் தரையில் பாதியுமாகக் கஞ்சி விழுந்தது. கண் எங்கோ பார்த்தது.

"என்னங்க, உக்காருங்க. சுகர் எறங்கிடுச்சு."

"யாரு உன்னை இங்க வரச் சொன்னது? போ வீட்டுக்கு!" என்று கத்தினார்.

கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் இவர் என்னை அதட்டியதில்லை. சர்க்கரை இறங்கினால் சிலருக்கு முதலில் வருவது கோபம்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் எனக்கு வருத்தம் வரவில்லை, பயம்தான் வந்தது. கரண்டியைப் பிடுங்கிக் காதர் கையில் கொடுத்து, இவரை அரிசி மூட்டை மேல் உட்கார வைத்தேன். விரலைக் குத்தினேன். வில்லை கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும், ரத்தம் பொய் சொல்லாது. ஐம்பத்து நாலு.

டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குளுக்கோஸைக் கொட்டிக் கலக்கினேன். "குடிங்க."

வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "இதோ... பாங்கு சொல்லிடுவாங்க. கொஞ்ச நேரம்."

"டாக்டர்கிட்ட என்னா சொன்னீங்க?"

"எல்லாரும் பாக்குறாங்க மைமூன்" என்றார். குரல் குழறியது. "எல்லாரும் பாக்குறாங்க."

அப்போதுதான் எனக்குள் இருந்த பழைய கோபம் முழுசாக வெளியே வந்தது. பள்ளிவாசல், ஆண்கள், தெரு, எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"பாக்கட்டும்! எங்க அத்தாவை இப்படித்தான் கொடுத்து வச்சவருன்னு சொல்லித் தூக்கிட்டுப் போனாங்க. நீங்களும் போயிட்டா எனக்கும் வந்து அதையேதான் சொல்லுவாங்க. எனக்கு அந்தக் கொடுப்பினை வேணாம். எனக்கு நீங்க வேணும். குடிங்கன்னா குடிங்க!"

ஹஜ்ரத் சத்தம் கேட்டு வந்து நின்றார். "பாய், இந்த நெலமையில உசுரைக் காப்பாத்திக்கிறதுதான் உங்க மேல கடமை. பிஸ்மி சொல்லிக் குடிங்க" என்றார்.

இவர் டம்ளரை வாங்கினார். வாங்கிய கை வாய்க்குப் போகவில்லை. வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக இவர் கையால் வாங்கின ஆட்கள்.

முதலில் செல்விதான் திரும்பினாள். தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற பூக்காரம்மா திரும்பினார். அப்புறம் ஆண்கள் வரிசை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஹஜ்ரத்தும் குனிந்து, அணைந்துபோன அடுப்பைக் கிளறுவதுபோல நின்றுகொண்டார்.

இவர் குடித்தார். கண்ணீர் டம்ளருக்குள் விழ விழக் குடித்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். என் வாயில் என்ன துஆ வந்ததென்று எனக்கே நினைவில்லை.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. "என்ன செருப்புடி இது?" என்று என் காலைப் பார்த்துக் கேட்டார். ஆள் திரும்ப வந்துவிட்டார் என்று அப்போது தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாங்கு சொன்னார்கள். இத்தனை வருஷமும் நோன்பு திறக்கிற நேரத்தில் இவர் இங்கே கஞ்சி ஊற்றுவார், நான் வீட்டில் இருப்பேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்கத்தில் இருந்தார். ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கி நோன்பு திறந்தேன்.

மறுநாள் மத்தியானம்

டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். இந்த வருஷம் மிச்ச நோன்பு வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

உண்மையான கஷ்டம் மறுநாள் மத்தியானம்தான் வந்தது. நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டு அடுப்பு அந்த நேரத்தில் எரிந்ததே இல்லை. தெரு முழுக்க எரியாது. நான் நோன்போடு இவருக்காகக் கொஞ்சம் சோறு, முருங்கைக்கீரை, ஒரு துண்டு மீன் சமைத்தேன். வாசனை வெளியே போகிறது என்று இவர் ஜன்னல் ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார். தட்டை எடுத்துக்கொண்டு, மூட்டை முடிச்செல்லாம் போட்டிருக்கும் உள் அறைக்குள் போகப் பார்த்தார்.

"எங்க போறீங்க? கூடத்துல உக்காந்து சாப்பிடுங்க."

"நீ பசியோட ஆக்கி வைப்ப, நான் உன் முன்னாடி உக்காந்து திங்கணுமா?"

"ஆமா. நான் பாக்கணும். நேத்து உங்களைப் பாத்த கண்ணுல இன்னிக்கு நீங்க சாப்பிடுறதைப் பாத்தாத்தான் எனக்கு ஆறும்."

கூடத்துக் கட்டிலில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய் எடுப்பார், வாசலைப் பார்ப்பார். திருடன் தோற்றான். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். பாவமாகவும் இருந்தது. தெருவில் மதிப்பாக நடந்த மனிதர், தன் வீட்டுச் சோற்றை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டார்.

கதவு தட்டுகிற சத்தம். இவர் சட்டென்று தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். கதவைத் திறந்தேன். காதர்.

வழக்கமான சிரிப்பு இல்லை. முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. உள்ளே வந்தவன் மீன் வாசனையை மோந்தான், மச்சானின் கையைப் பார்த்தான், கட்டிலுக்கடியில் பார்த்தான். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

"லாத்தா, என் விரலையும் கொஞ்சம் குத்திப் பாரேன்."

"உனக்கு எதுக்குடா?"

"எனக்கும் இருக்கு லாத்தா. ரெண்டு வருஷமாச்சு. இங்க வாங்குனா தெரிஞ்சிடும்னு கும்பகோணம் போயித்தான் மாத்திரை வாங்குறேன். வீட்ல அவளுக்கே தெரியாது. காலையில எப்பவும் போல மாத்திரையைப் போட்டுட்டுத்தான் நோன்பு வச்சேன்." கையை விரித்துக் காட்டினான். விரல்கள் நடுங்கின. "கடையில கத்தியைப் பிடிக்க முடியல. நேத்து மச்சான் நின்ன மாதிரியே நானும் நிக்கிறேன் லாத்தா. பயமா இருக்கு."

நான் கருவியை எடுத்தேன். குத்தினேன். ஐம்பத்தெட்டு. டம்ளரில் குளுக்கோஸைக் கலக்கினேன்.

அவன் டம்ளரையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். எழுந்து, தள்ளாடிக்கொண்டே கதவைச் சாத்தப் போனான்.

"காதரு, கதவு இருக்கட்டும்டா. வந்து உக்காந்து குடி" என்றார் இவர்.

பிறகு குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து தன் தட்டை இழுத்து எல்லோரும் பார்க்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்.

"மைமூன், இன்னொரு தட்டு வை."